கந்தைத் துணியில் ஒரு முதுசொம்

ஓர் இனத்தின் முதுசொம் யாது என வினவுவார்க்குக் கல்லையும் செம்பையும் காட்டுதல் கற்றோர் வழக்கமாயிற்று. கோபுரமும் கோட்டையும் குளக்கட்டும் நிலைத்து நிற்பன. ஆதலின் அவை எளிதில் எண்ணப்படுகின்றன. வன்னிப் பெருநிலத்திலே கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்க. இரட்டையாய்க் கிடந்த மடுக்கள் ஒன்றாகிப் பெருங்குளமாயின என்பதை அதன் பெயரே சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கட்டினை எழுப்பிய ஆங்கில அரசின் செயல் ஏடுகளில் இடம்பெற்றது. மண் சுமந்தவரும் மண் மிதித்தவரும் யாவர் என்பதை ஏடு கூறுவதில்லை. செய்வித்தோன் பெயர் நிற்க, செய்தோன் பெயர் மறைதல் கலையுலகிலும் உண்டு. அவ்வாறு பெயர் மறைந்தோருள்ளும் கடைக்கோடியில் வைக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரின் கைவினையே ஈண்டு ஆராயப்படுவது. அவர் ஆபிரிக்க வழிவந்த இந்தியராகிய சித்தியர். அவர்தம் கலைக்குக் கருவி ஊசியும் நூலும். பொருளோ, உடுத்துக் கிழிந்த பழந்துணி.

சித்தியர் என்னும் பெயரைக் கேட்டவுடன் பதினெண் சித்தரை நினைத்தல் தமிழர்க்கு இயல்பு. இவர்க்கும் அவர்க்கும் தொடர்பு யாதுமில்லை. தலைவன் எனப் பொருள்படும் ‘சைய்யித்’, ‘சைதி’ முதலாய அரபுச் சொற்களின் வழியாக இப்பெயர் வந்ததென்பர் ஆராய்ச்சியாளர் பலர். அபிசீனிய நாட்டாரைக் குறித்த ‘ஹப்ஷி’ என்னும் சொல்லும் இந்திய வரலாற்று நூல்களிற் பயின்று வரும். இலங்கையிலே வழங்கிய ‘காப்பிரி’ என்னுஞ் சொல் வேறு வழிப்பட்டது. நம்பிக்கையற்றவன் என்று பொருள்படும் அரபுச் சொல்லைப் போர்த்துக்கேயர் ஆபிரிக்கர்மேல் ஏற்றி வழங்கினர். அதுவே திரிந்து தமிழிலும் சிங்களத்திலும் புகுந்தது. பிறர் இட்ட பெயராலேயே ஒரு மக்கள் நூற்றாண்டுக் கணக்காக அழைக்கப்பட்டனர் என்பது கருதற்பாலது.

ஆபிரிக்கர் இந்துமாகடலைக் கடந்து வந்தமை போர்த்துக்கேயர்க்கு முற்பட்டது. கி. பி. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா, கொழும்பிலே கடலாட்சி செய்த தலைவன் ஒருவனிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர் என எழுதியுள்ளார். வணிகராயும் மாலுமிகளாயும் போர்வீரராயும் வந்தோர் சிலர். விலைக்கு வாங்கப்பட்டு அடிமைகளாய் வந்தோர் பலர். போர்த்துக்கேயர் கோவாவைக் கைப்பற்றிய 1510ஆம் ஆண்டின் பின்னர் மொசாம்பிக்குக் கரையிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருதல் பெருகிற்று. இலங்கையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் ஆபிரிக்கரைப் படைக்கும் பணிக்கும் பயன்கொண்டனர். கொழும்பின் கொம்பனித்தெரு ஆங்கிலத்தில் அடிமைத்தீவு எனப் பெயர் பெற்றது அதன் எச்சம். வன்னிக்குத் தெற்கே, புத்தளத்தை அடுத்த சிறாம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பெரும்பாலும் இழந்த பின்னரும், ‘மாஞ்சா’ என்னும் பாட்டையும் ஆட்டத்தையும் விடாது காத்து வருகின்றனர். நிலமும் மொழியும் பறிபோன பின்னர் எஞ்சியது தாளம்.

கோவாவிலே அடிமைத்தளையினின்று தப்பியோடியோரும், விடுவிக்கப்பட்டோரும் தெற்கு நோக்கி மேற்குமலைக் காடுகளுட் புகுந்தனர். இன்றைய கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்திலே எல்லாப்பூர், ஹளியாளம், அங்கோலா, முண்டகோடு முதலிய பகுதிகளில் அவர் வழியினர் வாழ்கின்றனர். காடே அவர்க்கு அரணாயிற்று. காடு வெட்டிப் பயிர் செய்தும், பிறர் நிலத்திற் கூலி செய்தும் வாழ்ந்த அவர்களுள் இந்துக்கள், முசிலிம்கள், கத்தோலிக்கர் ஆகிய முத்திறத்தாரும் உளர். இந்துச் சித்தியர் முன்னோரை ‘ஹிரியரு’ எனப் பேணி வழிபடுவர். வட கன்னடச் சித்தியரை இந்திய அரசு பட்டியற் பழங்குடியினர் வரிசையிற் சேர்த்தது 2003ஆம் ஆண்டில்தான். நூற்றாண்டு பல அம்மண்ணிலே வாழ்ந்தோரை அரசு எண்ணுதற்கு இத்துணைக் காலம் சென்றது.

இந்தியக் கலைவரலாற்றிலே ஆபிரிக்கர் இடம்பெறாமலில்லை. ஆயின் எவ்வாறு இடம்பெற்றனர் என்பதே வினா. அகமதாபாத்திலே சிதி சைய்யித் பள்ளிவாசல் என ஒன்றுண்டு. குசராத்துச் சுல்தானியரின் ஆட்சி முடியுந் தறுவாயில், 1572–73இல், சிதி சைய்யித் என்னும் அபிசீனியர் அதனைக் கட்டுவித்தார். அதன் பின்சுவரிலுள்ள பலகணிகளிலே மணற்கல்லைச் சல்லடையாய்த் துளைத்துச் செதுக்கிய மரமொன்று, கிளையோடு கிளை பின்னி, இடையே பனையொத்த ஒரு மரமும் தோன்ற, கொடியோ கல்லோ என மயங்குமாறு நிற்கின்றது. அகமதாபாத்து நகருக்கே அது சின்னமாயிற்று. அந்நகரின் மேலாண்மைக் கல்விக் கழகமும் தன் முத்திரையை அதனின்றே வகுத்துக்கொண்டது. இத்துணைச் சிறப்பினதாயினும், ஆங்கிலேயர் காலத்தில் அப்பள்ளிவாசல் அரசாங்க அலுவலகமாய்ப் பயன்பட்டது என்பது வியப்பே. செய்வித்தவர் ஆபிரிக்கர் என்பது தெளிவு. உளி பிடித்தோர் குசராத்துக் கற்றச்சர் மரபினராதல் கூடும். அவர் பெயரோ கல்லில் இல்லை. ஆகவே அதனை ஆபிரிக்கரின் கைவண்ணம் என்று முழங்குதலும், அவர்க்குப் பங்கில்லை என்று தள்ளுதலும் ஒருங்கே பிழையாம்.

மாலிக் அம்பரின் நிலை வேறு. ஏறத்தாழ 1548ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவிலே பிறந்து, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டுத் தக்கணத்தை அடைந்த அவர், அகமதுநகர் அரசின் காவலராய் உயர்ந்து, முகலாயப் பெரும்படையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார். 1610இல் அவர் நிறுவிய கட்கி நகரே பின்னர் ஔரங்காபாத்து எனப்பட்டது. வறண்ட அந்நிலத்திற்கு நிலத்தடிக் கால்வாய் வழியாக நீர் கொணர்ந்த அவரது திறம், குளத்தை நம்பி வாழும் வன்னி மக்களுக்கு எளிதில் விளங்கும். 1626இல் அவர் காலமானார். உயிரோடிருந்த அவரை வெல்ல மாட்டாத பேரரசர் சகாங்கீர், ஓவியத்திலே வென்றார். ஏறக்குறைய 1616இல் அபுல் அசன் என்னும் அரசவை ஓவியர் வரைந்த படத்திலே, உலக உருண்டைமேல் நின்று சகாங்கீர் அம்பெய்கிறார். குறியாய் நிற்பது ஈட்டிமுனையிற் செருகப்பட்ட மாலிக் அம்பரின் தலை. நிகழாத வெற்றிக்கு அது நிலையான சான்றாய் இன்றும் அயர்லாந்தின் தபிளின் நகர் நூலகமொன்றிலே காக்கப்படுகின்றது. ஓவியம் மிக நுண்ணியது. அதனை மறுத்தல் இயலாது. ஆயின் அதிலே ஆபிரிக்கர் காணப்படும் பொருளாயினரேயன்றிக் காணும் கண்ணாயினரல்லர்.

அந்தக் கண்ணைத் தேடுவோர் அரண்மனையை விட்டு எல்லாப்பூர்க் காட்டிடைக் குடிசைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே சித்திப் பெண்கள் பழந்துணி கொண்டு தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளின் பெயர் செவியில் ஒலிப்பது இயல்பே. வற்றாப்பளைக் கண்ணகியைப் போற்றும் வன்னியார்க்கு அது இன்னும் அணித்தாய் ஒலிக்கும். எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொற்பிறப்புக் கூறப் புகுதல் தகாது.

கவந்தி தைக்கும் முறை எளிதுபோலத் தோன்றும். பழைய பருத்திச் சேலையொன்று அடித்துணியாய் விரிக்கப்படும். குடும்பத்தார் உடுத்துக் கழித்த சட்டை, பாவாடை, சேலை, வேட்டி ஆகியவற்றினின்று கிழித்த துண்டுகள் அதன்மேல் இடம்பெறும். மேலைநாட்டார் தம் ஒட்டுப்போர்வைகளிற் பலவற்றைக் கட்டங்கட்டமாய்த் தனித்தனியே தைத்துப் பின்னர்ப் பொருத்துவர். சித்திப் பெண்ணோ ஒரு மூலையிலே தொடங்கி, ஓரத்தை வழியாகக்கொண்டு, துண்டை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றி வருகிறாள். சுற்றுக்கள் ஒன்றனுள் ஒன்றாய்க் குறுகி நடுவிலே முடிகின்றன. அளவுகோல் இல்லை, வரைந்த கோலமும் இல்லை. அடுத்த துண்டு எந்நிறத்ததாய் அமைய வேண்டும் என்பதைக் கையிலுள்ள கந்தையும் கண்ணும் கூடி முடிவு செய்யும். தையலோ, ஓடும் நூல் தையல். துண்டுகளைப் பிணித்தற்கு வேண்டிய அளவினும் மிகுதியாக, விளிம்புக்கு இணையாக வரிவரியாய் அது போர்வை முழுதும் ஓடுகின்றது. உழுத வயலிற் சால்கள் போல அவ்வரிகள் துணியின்மேல் எழுந்து நிற்றலைக் கையால் தடவியே உணரலாம். மறுபுறம் புரட்டினால், துண்டுகளின் நிறம் மறைந்து அச்சால்கள் மட்டும் தோன்றும். ஒரு போர்வைக்கு இருமுகம்.

பெருந்துண்டுகளின் மேலே சிறு வண்ணத் துண்டுகளைப் பொட்டிட்டாற்போல் வைத்துத் தைத்தலும் உண்டு. குழந்தைக்குரிய சிறு போர்வைகளிலே இவை மிகுதி. பயன் கருதினால் இவை வேண்டுவனவல்ல. அழகு கருதியே, நாளெல்லாம் கூலி செய்து மீண்டவள் விளக்கொளியில் இன்னும் ஒரு துண்டை வைக்கிறாள். கத்தோலிக்கச் சித்தியரின் போர்வைகளிலே சிலுவையும், முசிலிம் சித்தியரின் போர்வைகளிலே பிறையும் சிலவேளை இடம்பெறும். ஆயினும் மூவர் போர்வையையும் ஒருங்கு விரித்தால், சமயத்தைச் சொல்லும் குறிகளினும் குடியைச் சொல்லும் ஒழுங்கே முதலிற் கண்ணிற் படும்.

எல்லாவற்றினும் சிறந்தது மூலையிலுள்ள பூ. போர்வை முடிந்ததும் அதன் நான்கு மூலைகளிலும் சிறு துணித் துண்டை முக்கோணமாய் மடித்து வைத்துத் தைப்பர். அதற்குப் ‘பூல்’ எனப் பெயர். பூ என்பது பொருள். அதனாற் போர்வைக்கு வலிமையும் இல்லை, வெம்மையும் இல்லை. ஆயின் பூ இல்லாத போர்வை அம்மணமானது என்று சித்திப் பெண்கள் கூறுவர். மானத்தைப் போர்ப்பதற்காகத் தைக்கப்படும் துணிக்கே ஒரு மானம் உண்டென்னும் கருத்து அழகியலார் பலரும் எய்தாதது.

இக்கலை ஆபிரிக்காவினின்று வந்ததா என்னும் வினா இயல்பாய் எழும். விடை கூறுதல் எளிதன்று. பழந்துணி கொண்டு போர்வை தைத்தல் இந்தியாவெங்கும் உள்ளது. மராட்டியரின் ‘கோதடி’, கன்னடரின் ‘கௌதி’, வங்காளியரின் ‘காந்தா’ யாவும் அவ்வினத்தனவே. ஓடும் தையலும் அவற்றுக்குப் பொது. ஆதலின் கவந்தியைக் கடல் கடந்து வந்த நேர்முதுசொம் என்று சாதித்தல் சான்றுக்கு மிஞ்சியதாம். சித்தியர் தம் அயலாரிடம் தொழிலைக் கற்றிருக்கலாம். கற்ற தொழிலைத் தமக்கேயுரிய நிறத்துணிவோடும், அளவொவ்வாத துண்டுகளை அஞ்சாது அடுக்கும் போக்கோடும் ஆண்டனர் என்பதே கண்கூடு. இதனாற் கலையின் பெருமை குறைந்துவிடாது. மூலத்தின் பழமையைக் கொண்டே முதுசொத்தை அளப்பது நிலமுடையார் வகுத்த அளவுகோல். பிடுங்கி நடப்பட்டவர்க்கு அது பொருந்துவதன்று.

இவ்விடத்தில் வட அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூரை நோக்குதல் பயன்தரும். அலபாமா ஆறு குதிரைலாடம்போல் வளைந்தோடும் இடத்திலே, மூன்று புறமும் நீர் சூழ, சீசு பெண்டு என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் அது பருத்தித் தோட்டம். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் அத்தோட்டத்து ஆபிரிக்க அடிமைகளின் வழியினர். பெற்றுவே என்னும் தோட்டக்காரரின் பெயரையே குடிகளிற் பலர் இன்றளவும் தாங்குகின்றனர். மரவீட்டின் இடுக்குகளிலே புகும் குளிரைத் தாங்குதற்கு அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலைத்துணிகளை ஒட்டிப் போர்வை தைத்தனர். மிசூரி பெற்றுவே என்பவர் கணவனை இழந்தபின், 1942இல், அவர் வயலில் உடுத்த துணிகளையெல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்திருத்தற்கும் அப்போர்வையின் கீழே துயில்தற்கும் ஆகவே அதனைத் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்திற் கூறினார். முழங்காலிலே தேய்ந்து வெளுத்த இடமும், பை பிரித்தெடுத்த இடத்திலே மங்காது நின்ற நீலமும் அவ்வூர்ப் போர்வைகளிலே ஓவியனின் தூரிகை செய்யும் வேலையைச் செய்கின்றன.

1960களிலே அவ்வூரார் வாக்குரிமை கேட்டு எழுந்தபோது, ஆற்றைக் கடக்கும் ஓடத்தை 1962இல் நிறுத்திவிட்டனர். மாவட்ட நகருக்குச் செல்ல நெடுந்தொலைவு சுற்ற வேண்டியதாயிற்று. மீண்டும் ஓடம் ஓடியது 2006இல். இடையிலே 1966இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவாய்ச் சேர்ந்து போர்வை விற்கத் தொடங்கினர். 2002இல் ஊசுத்தன் நுண்கலை அரும்பொருளகமும், தொடர்ந்து நியூயோர்க்கின் விட்னி அரும்பொருளகமும் அப்போர்வைகளைச் சுவரில் ஏற்றின. நவீன ஓவியத்தின் உச்சம் என்று திறனாய்வாளர் வியந்தனர். 2006இல் அமெரிக்க அஞ்சற்றுறை பத்துப் போர்வைகளை முத்திரையாய் வெளியிட்டது. 2007இல் மூதாட்டியர் சிலர் தம் வேலைக்குரிய உரிமையும் ஊதியமும் முறையாய்க் கிட்டவில்லையென வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு அவை தீர்த்துக்கொள்ளப்பட்டன. கந்தைக்கு விலை வந்தவுடன் அது யாருடையது என்னும் வினாவும் உடன் வந்தது.

கவந்தியும் அவ்வழியிலே அடியெடுத்து வைத்துள்ளது. அமெரிக்கக் கலைவரலாற்றறிஞர் என்றி திரூவல் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே சித்தியரிடையே தங்கி ஆராய்ந்து, போர்வைகளை உலகறியச் செய்ததோடு, பெண்கள் கூட்டுறவாய் விற்றற்கும் துணைநின்றார். தைத்தவர் பெயரைப் போர்வையோடு சேர்த்தே அவர் காட்டினமை பாராட்டற்குரியது. ஆயினும் விற்பனைக்குத் தைக்குங்கால் சில மாறுதல் நேரும். வாங்குவோர் புதுத்துணி விரும்புவர். சாயம் போகாத நிறம் கேட்பர். பாட்டியின் சேலையும் இறந்த பிள்ளையின் சட்டையும் அதிலே இரா. துணி நிலைக்கும், துணியிலிருந்த ஆள் மறைவார். இதற்காக விற்பனையைப் பழித்தல் வயிறு நிறைந்தோர் செயல். சித்திக் குடும்பங்கட்குப் பணம் வேண்டும். தையலை அறிந்த தாய்க்கு மகளின் மதிப்பும் வேண்டும். ஆலையிலே நெய்த மலிவான கம்பளி சந்தைக்கு வந்தபின், ஒரு போர்வைக்குப் பல வாரம் செலவிடும் இளம்பெண்ணைக் காண்டல் அரிது. விலை உண்டென்றால் அவள் ஊசியை எடுப்பாள்.

இத்துணைத் தொலைவிலுள்ள கைவினை இரணைமடுவைச் சூழ வாழ்வார்க்கு அயலானதன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பகுதி மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தபோது, சேலையே மூட்டைத் துணியாயிற்று, மரத்தடியிலே ஏணையாயிற்று, நான்கு கம்பில் மறைப்பாயிற்று. மீண்டு வந்தோர்க்கு வீடு இல்லை. வீட்டிலிருந்த படமும் ஏடும் இல்லை. இழந்தவற்றைப் பதிவு செய்தற்கு ஓவியர் ஒருவர் முயன்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை ஆசிரியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழரிடமும் முசிலிம்களிடமும் அவர் இழந்த வீட்டின் அமைப்பை அவர்தம் கையாலேயே வரைவித்து, நினைவுகளைக் கேட்டெழுதித் தம் ஓவியத்தோடு சேர்த்து, 2011இல் நூலாக்கினார். நிலவுரிமையைப் பதிந்த ஒல்லாந்தரின் தோம்பை நினைவூட்டி, ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். ஓவியப் பயிற்சியில்லாதோர் இழுத்த கோணற் கோடே அங்கு ஆவணம். கிணற்றையும் மாமரத்தையும் மறவாது குறித்து, அறைகளின் அளவை மட்டும் தவறவிட்ட அக்கோடுகளுக்கும், அளவுகோலின்றித் துண்டு வைக்கும் சித்திப் பெண்ணின் கைக்கும் உறவுண்டு.

ஒரு வேறுபாடும் உண்டு. வீட்டுப்படம் இழந்ததைக் காட்டுகின்றது. கவந்தியோ இழக்காது எஞ்சியதை எடுத்து வைக்கின்றது: யார் உடுத்தது, எந்தத் திருநாளில் வாங்கியது, எப்போது கிழிந்தது என்பதைத் தைத்தவளும் அதன்கீழ் உறங்குவோரும் அறிவர். எழுத்தறியாத வீட்டிலே அதுவே குடும்ப ஏடு. வெயிலும் வியர்வையும் மழையும் பட்டுச் சில ஆண்டுகளில் அது இற்றுப்போகும். முந்தைய நூற்றாண்டுக் கவந்திகளைத் தேடுவோர் சித்தியர் ஊர்களிலே காண்டல் அரிது. போர்த்திக்கொள்ளவே தைக்கப்பட்டன, போர்த்தியே தீர்ந்தன.

இன்று எல்லாப்பூர்ப் பக்கத்துத் திண்ணையிலே விற்பனைக்குத் தைக்கும் பெண், அப்போர்வையை வாங்குவோர் படுக்கையில் விரிப்பரோ சுவரில் தூக்குவரோ அறியாள். நடுவிலே கடைசித் துண்டை வைத்து நூலை முடிந்தபின், மீண்டும் மூலைக்கு வந்து, நான்கு துண்டுகளை மடித்து, நான்கு பூவையும் தைத்தே அதனை அனுப்புகிறாள்.